ஆயா மாதிரி இரு

என் தோல்தான் எனக்கு எமன். கன்னத்தைக் கிள்ளினால் சிவந்துபோகிற வெள்ளை. அப்பா குப்பை வண்டி தள்ளினார், அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள், இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து இதுதான். இதைக் கடையில் கொடுத்தால் ஒரு சோப்புக்கூடத் தர மாட்டார்கள். ஆனால் இதனால் வேலை போகும். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

நான் குழந்தை பார்க்கிற ஆயா. நான் வேலை செய்யும் வீட்டு மேடம் பெரிய வக்கீல். நான் வெளியே வக்கீலம்மா என்றுதான் சொல்வேன். நல்ல கறுப்பு, களையான முகம், கோர்ட்டில் வாயைத் திறந்தால் எதிர்க்கட்சி வக்கீலுக்கு வேர்த்துவிடுமாம். வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை; வருஷத்தில் பாதி நாள் போனில்தான் குடித்தனம். நாலு வயதுப் பெண்ணுக்கு வீட்டுப் பெயர் பட்டாணி. அம்மாவை உரித்து வைத்திருக்கும். அதே நிறம், அதே மூக்கு, அதே வாய்.

ஏஜென்சியில் என்னைத் தேர்ந்தெடுத்ததே வக்கீலம்மாதான். எனக்குப் பக்கத்தில் நின்றவள் இரட்டைப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பாவம், அவள் கறுப்பு. வக்கீலம்மா அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "இந்த வெளுப்பா இருக்கிற அம்மாவே போதும். குழந்தை கண்ணு முழிச்சதும் பளிச்சுனு ஒரு முகத்தைப் பார்க்கட்டும்" என்றார். எனக்குப் பாலாடை பிடிக்கத் தெரியுமா, பாம்பு பிடிக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. பளிச்சென்ற முகத்தோடு வந்து சேர்ந்தேன். சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை, எனக்கென்று ஒரு தட்டு, எனக்கென்று ஒரு டம்ளர். நாற்காலியில் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்தால் வக்கீலம்மா பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலியையே பார்ப்பார், அவ்வளவுதான்.

முதல் வாரமே ஆரம்பித்தது தலைவலி. கூரியர்காரர் வந்து மணியடித்தார். கதவைத் திறந்தது வக்கீலம்மா. "ஏம்மா, உள்ள போய் உங்க மேடத்தைக் கூப்பிடு" என்றார் அந்த மனுஷன். அதற்குள் நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்துத் தொலைத்தேன். "இதோ வந்துட்டாங்களே! மேடம், ஒரு கையெழுத்து!" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். வக்கீலம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

மறுநாளே எனக்குச் சீருடை வந்தது. வெள்ளைக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கினால் கீழ்வீட்டுக்காரர் மறித்துக்கொண்டு நாக்கை நீட்டினார். "டாக்டர், ரெண்டு நாளா இப்படித்தான் இருக்கு." நீட்டிய நாக்கை உள்ளே இழுக்காமல் நிற்கிறார் மனிதர்! நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். வேறு என்ன செய்வது? அடுத்த வாரம் தேடிவந்து நன்றி சொன்னார், அதுவும் வக்கீலம்மா முன்னால். போதாததற்கு, "டாக்டருக்கு ஒரு காபி போட்டுக் குடும்மா" என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளைக் கோட்டு போய்க் காக்கிக் கோட்டு வந்தது. சரிப்படவில்லை. அப்புறம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தினம் மத்தியானம் பட்டாணி தூங்குற நேரம் மொட்டை மாடில போய் நில்லு" என்றார்.

"எதுக்குங்க? துணி எடுக்கவா?"

"துணி இல்ல. கொஞ்சம் நிறம் இறங்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வேலை நேரத்துலதானே நிக்கச் சொல்றேன்? சும்மா நிக்கிறதுக்கு உனக்கு என்ன கஷ்டம்?" என்று வாதாடினார். வாதத்தில் அவரை ஜெயிக்க நான் யார்? உச்சி வெயிலில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் போய் நின்றேன். பாழாய்ப்போன தோல் கறுக்கவில்லை. செக்கச்செவேல் என்று சிவந்தது. லிஃப்டில் மேல்வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "லீவுக்குப் போயிருந்தீங்களா? எந்தக் கடற்கரை? நல்லா டால் அடிக்கிறீங்க!" என்றாள். அதோடு விட்டாளா, படுபாவி! வக்கீலம்மா பக்கம் கையைக் காட்டி, "பையை அந்தம்மாகிட்ட குடுங்களேன். நீங்க எதுக்குச் சுமக்கிறீங்க?" என்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் வக்கீலம்மா கதவைச் சாத்தினார். "இங்க பார். இன்னும் ஒரே ஒரு தடவை யாராவது உன்னை நான்னு நெனச்சா, அன்னிக்கே நீ பெட்டியைக் கட்டிக்கலாம்."

"மத்தவங்க நெனக்கிறதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?"

"ஆயா மாதிரி இரு. அவ்வளவுதான்."

ஆயாவாக இருக்கிறவளை ஆயா மாதிரி இரு என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வேலை போனால் தம்பி வீடுதான் கதி. தம்பி நல்லவன், அவன் பெண்டாட்டி நான் போகிற நாளெல்லாம் வாசலிலேயே நின்று, "எப்ப அண்ணி கிளம்புறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவாள். அதனால் ராத்திரி பகல் பாராமல் ஆயாவாகப் பழகினேன். கூனிக்குறுகி, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து காட்டினேன்.

"நடிக்கிற மாதிரி இருக்கு. இப்படி நட" என்று வக்கீலம்மா தானே நடந்து காட்டினார். முதுகு வளைந்து, தலை தொங்கி, கை இரண்டும் வயிற்றோடு ஒட்டி, தத்ரூபமாக இருந்தது. அவர் பாதியில் நிறுத்திவிட்டுக் குளியலறைக்குப் போய்விட்டார்.

இந்த லட்சணத்தில் பட்டாணிக்குப் பள்ளிக்கூட நேர்காணல் வந்தது. பெரிய பள்ளிக்கூடம். அங்கே இடம் கிடைக்க அம்மா வயிற்றில் இருக்கும்போதே சொல்லி வைக்க வேண்டுமாம். பெற்றோருக்கு மட்டும்தான் அனுமதி. ஆயாக்கள் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நிற்க வேண்டும். பட்டாணி காரில் என் தோளிலேயே தூங்கிவிட்டது. எழுப்பினால் ஊரைக் கூட்டும். அதனால் கேட்டு வரைக்கும் நான் தூக்கி வந்தேன். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், மாற்றுத்துணி எல்லாம் இருந்த பை வக்கீலம்மா கையில். அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

"வாங்க மேடம், உள்ள போங்க" என்று செக்யூரிட்டி எனக்கு வழிவிட்டார். பின்னால் வந்த வக்கீலம்மாவுக்குக் குறுக்கே கையை நீட்டினார். "ஆயாவெல்லாம் மரத்தடிக்குப் போ."

எனக்குப் பகீரென்றது. "ஐயையோ, அவங்கதாங்க அம்மா! நான்தான் ஆயா!"

"நல்ல தமாஷ் பண்றீங்க மேடம்" என்றார் அவர். பின்னாலிருந்து நாலு குடும்பம் நெருக்கித் தள்ளியது. பட்டாணியோடு நான் உள்ளே, பையோடு வக்கீலம்மா வெளியே. போச்சு, வேலை போச்சு என்று தலையில் அடித்துக்கொள்ளக்கூடக் கை ஒழியவில்லை.

பிரின்ஸிபால் அறையில் குளுகுளுவென்று இருந்தது. "உக்காருங்க மேடம்" என்றார் அந்த அம்மா. நான் நின்றேன். முதுகை வளைத்தேன், தலையைத் தொங்கவிட்டேன், பழகியதையெல்லாம் செய்தேன்.

"முதுகு வலியா? குழந்தையைத் தூக்கித் தூக்கி அப்படித்தான் ஆகும்."

"நான் அம்மா இல்லைங்க. ஆயாங்க."

அவர் நெகிழ்ந்துபோனார். "எத்தனை பணிவு! ஒவ்வொரு தாயும் ஒரு ஆயாதான். ஆனா வாய்விட்டு ஒத்துக்கிற முதல் அம்மா நீங்கதான்."

அந்த நேரம் பார்த்து, வாசலில் சட்டம் பேசி ஜெயித்த வக்கீலம்மா மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார். பட்டாணி கண் விழித்தது. "இவங்கதாங்க அம்மா" என்று கையைக் காட்டினேன். பிரின்ஸிபால் வக்கீலம்மாவையும் அவர் கையிலிருந்த பையையும் பார்த்துவிட்டு, "ஆயாவையும் குடும்பத்துல ஒருத்தியா நினைக்கிறீங்க. பெரிய மனசு உங்களுக்கு" என்றார்.

வக்கீலம்மா அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் ஓங்கி வைத்தார். பிரின்ஸிபால் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். "உங்க கார்டை எதுக்கு ஆயா கையில குடுத்து வச்சிருக்கீங்க மேடம்?"

எட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், போட்டோவில் இருந்தது கிட்டத்தட்ட நான். "யாருங்க இது?" என்று வக்கீலம்மா காதில் கேட்டேன்.

"ஸ்டுடியோல கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுக்கச் சொன்னேன்."

"கொஞ்சமா?"

பிரின்ஸிபாலுக்கும் லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. குனிந்து, "செல்லம், உங்க அம்மா யாரு, மிஸ்ஸுக்குக் காட்டு" என்றார். பட்டாணி ஒரு நொடிகூட யோசிக்காமல் ஓடிப்போய் வக்கீலம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. அப்பாடா! என் வேலை தப்பித்தது என்று மூச்சு விட்டேன்.

பிரின்ஸிபால் பெருமூச்சு விட்டார். "பார்த்தீங்களா மேடம்? வேலைக்குப் போற அம்மாக்கள் வீட்ல எல்லாம் இதே கதிதான். குழந்தை ஆயாவையே அம்மான்னு நெனச்சுக்குது. நீங்க மனசை விட்டுடாதீங்க. இந்த மாதிரி குழந்தைக்குத்தான் எங்க பள்ளிக்கூடம் அவசியம். இடம் குடுத்தாச்சு."

"இல்லைங்க…" என்று நான் ஆரம்பித்தேன். வக்கீலம்மா என் முழங்கையைப் பிடித்தார். "சும்மா இரு. சரின்னு சொல்லு."

"வேலை போயிடுமேங்க!"

"போகாது. உக்காரு."

உட்கார்ந்தேன். மெத்தென்ற நாற்காலி. பிரின்ஸிபால் வக்கீலம்மாவிடம் திரும்பி, "ஆயா, குழந்தைக்கு ஷூ லேஸ் அவுந்திருக்கு பாரு" என்றார். வக்கீலம்மா பையைக் கீழே வைத்துவிட்டு மண்டி போட்டார். எத்தனை பேரை வாயடைக்க வைத்த மனுஷிக்கு, மூன்று தடவை போட்டும் லேஸ் முடிச்சு விழவில்லை. மொட்டை மாடியில் நிற்க வைத்த ஆத்திரத்துக்கு நான் உள்ளுக்குள் குதித்திருக்க வேண்டும். சத்தியமாக முடியவில்லை. நான் குனியப் போனேன். "நீங்க இருங்க மேடம், அதுக்குத்தானே ஆள் வச்சிருக்கீங்க" என்றார் பிரின்ஸிபால். பட்டாணி என்னை, அம்மாவை, பிரின்ஸிபாலை மாறி மாறிப் பார்த்தது.

திரும்பும்போது காரை ஓட்டிக்கொண்டே வக்கீலம்மா கேஸ் நடத்துகிற வேகத்தில் திட்டம் போட்டார். பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு நான்தான் போக வேண்டும். அவருடைய நல்ல உடுப்பு இரண்டு தருவார், கைப்பையும் தருவார். அவர் பின்னால் சாப்பாட்டுப் பையோடு வருவார். "பன்னிரண்டாவது வரைக்கும் சமாளிச்சுட்டாப் போதும்" என்றார். பிள்ளை எல்கேஜி, இவருக்குப் பன்னிரண்டாவது! போய்விடும் என்று பயந்த வேலை, போக மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டுவிட்டது. பின் சீட்டில் பட்டாணியோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன்.

சிக்னலில் கார் நின்றது. பட்டாணி முன்னால் எக்கித் தன் கையை அம்மாவின் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தது.

"அம்மா, நான் உன்னை மாதிரிதானே இருக்கேன்?"

"ஆமாடா தங்கம். அச்சு அசல் என்னை மாதிரி."

"அந்த மிஸ் உன்னை ஆயான்னு சொன்னாங்க. கேட்ல இருந்த மாமாவும் சொன்னாங்க." கொஞ்சம் யோசித்தது. "அப்ப நான் எப்பம்மா ஆயா ஆவேன்?"

வக்கீலம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்; கண் கலங்கியிருந்தது. "ஏதாவது சொல்லேன்" என்றார் என்னிடம்.

பட்டாணியை வாரியெடுத்து ஏதாவது கதை சொல்லி மறக்கடிக்க எனக்குத் தெரியாதா? தினமும் செய்கிற வேலைதானே அது.

"இதை நான் சொல்ல மாட்டேங்க மேடம்" என்றேன். "நீங்கதான் சொல்லணும்."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கார் நகரவில்லை. பட்டாணி அம்மாவின் கையிலிருந்து தன் கையை எடுக்காமல், "சொல்லும்மா" என்றது.