சுவருக்கு அந்தப் பக்கத்துப் படம்

“கேக்குதா?” என்று தொலைபேசியில் கேட்டார் புவாத்.

பஸ்லா அடுப்பை அணைத்துவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு காது கொடுத்தாள். அவளுடைய காலுக்கு நேர் கீழே, பேஸ்மென்டில், கணவர் புவாத் ஏதோவொரு சண்டைக் காட்சியை முழுச் சத்தத்தில் ஓடவிட்டிருந்தார். மேலே பிரிட்ஜின் இரைச்சலும், காலி ஊருக்குப் போகும் பெருவீதியில் ஒரு பஸ்ஸின் ஹோர்னும்தான் கேட்டன.

“இல்ல. ஒண்டும் கேக்கல்ல.”

“கொஞ்சமும்?”

“கொஞ்சமும் இல்ல.”

கீழே சவுண்ட் வேலைக்கு வந்த ஜொனாதனின் முதுகில் புவாத் சந்தோசத்தில் தட்டுவது தொலைபேசிக்குள்ளால் கேட்டது. பஸ்லா “நல்லது” என்று சொல்லி வைத்துவிட்டாள். நல்ல செய்திதான். ஆனால் நெஞ்சுக்குள் எதுவோ பொசுக்கென்று இறங்கியது. ஏன் என்று அவளுக்கே உடனே பிடிபடவில்லை.

வெள்ளவத்தையில் அவர்களுடைய ஒழுங்கை கால்வாய்ப் பக்கமாகச் சரிந்து போவது. அந்தச் சரிவில் கட்டிய வீடு என்பதால் கீழ்த்தளத்தின் பாதி மண்ணுக்குள் இருந்தது. இருபது வருடமாக அங்கே புவாத்தின் இரும்புக் கடைச் சாமான்கள் அடைந்து கிடந்தன. கடையை மகன்மாரிடம் விட்டதும் அவர் முதலில் செய்த வேலை அந்த இடத்தைத் துப்புரவாக்கியதுதான். வாழ்நாள் முழுக்கப் படப் பைத்தியமாக இருந்த மனிதர். தனக்கென்று ஒரு தியேட்டர் வேண்டுமாம். வேலைக்கு வந்தவர் கொட்டாஞ்சேனை ஜொனாதன். தேவாலயத் திருநாள்களுக்கு சவுண்ட் கட்டிப் பழகியவர், முப்பத்தைந்து வயது, அதிகம் கதைக்காத ஆள். சுவருக்கு உள்ளே இன்னொரு சுவர் எழுப்பி, இடையில் கம்பளி மாதிரி ஒன்றை அடைத்து, கதவைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டி, ஆறு மாதத்தில் அந்த அறையிலிருந்து ஒரு சத்தமும் வெளியே தப்பாதபடி செய்துவிட்டார்.

அதன்பிறகு மூன்று நாள் சத்தத்தைச் சரிபார்க்கும் வேலை. சோபாவில் ஆள் இருந்தால் காது வரும் உயரத்தில் ஜொனாதன் ஒரு சின்ன மைக்கை நிறுத்தினார். ஸ்பீக்கர்களிலிருந்து ‘ஊ’வென்று அடிவயிற்றுச் சத்தமாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, விசில் போல முடியும் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்ப விட்டார். லப்டொப்பில் அது மேடும் பள்ளமுமாக வந்தது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவதுதான் வேலை.

இரண்டாம் நாள் பஸ்லா தேத்தண்ணித் தட்டோடு இறங்கியபோது இருவரும் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார்கள். தாழ்ந்த சத்தம் வரும்போதெல்லாம் எங்கோ ஒன்று கிர்ரென்று அதிர்கிறது. காலையிலிருந்து தேடுகிறார்களாம்.

“இன்னொருக்காப் போடுங்க” என்றாள் பஸ்லா. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சத்தம் ஏறியது. “அந்தா, அங்க. மூலையில, மேல. தகரம்.”

ஜொனாதன் ஏணியை வைத்து ஏறினார். திரைச்சீலைக்குப் பின்னால் பழைய மெயின் சுவிட்ச் பெட்டியின் மூடி. ஒரு திருகாணி தளர்ந்திருந்தது.

“அன்ரி, மைக்குக்கே பிடிபடேல்ல!”

“மறுகா இன்னொண்டு. கதைக்கிற சத்தம் ஆக்கள்ட வயித்துக்குள்ள இருந்து வாற மாதிரி ஈக்கி. வாயிலருந்து வரல்ல.”

நடு ஸ்பீக்கர் திரைக்குக் கீழே ஒரு மேசையில் படுத்திருந்தது. ஜொனாதன் அதன் முன்பக்கத்துக்கு ஒரு மரத்துண்டை அணைகொடுத்து, சற்று மேலே பார்க்கவைத்தார். ஒரு செய்தி வாசிப்பைப் போட்டுப் பார்த்தார்கள். குரல் வாய்க்கு வந்துவிட்டது.

புவாத் தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி மனைவியையே பார்த்தார். “உனக்கு எப்படிப் புள்ள இதெல்லாம் தெரியும்? நீ படமே பாக்கிறதில்லையே.”

“பாத்தது இல்லதான். கேட்டீக்கேன்.”

திருமணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவருக்குச் சொல்லாத கதையை அவள் அன்றைக்குத்தான் சொன்னாள்.

கொம்பனித்தெருவில் அவள் வளர்ந்த வீட்டின் பின்சுவர் ஒரு தியேட்டரின் பின்சுவர். திரை கட்டியிருந்தது அந்தச் சுவரோடுதான். அப்படியென்றால் ஸ்பீக்கர்கள் பஸ்லாவும் தாத்தாவும் படுத்த கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி. தாத்தா என்று அவள் கூப்பிடுவது மூத்த சகோதரி பீபியை. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த வாப்பா பிள்ளைகளைப் படத்துக்கு விடமாட்டார். ஆனால் சுவருக்கு என்ன செய்வார்? சனிக்கிழமை மெட்னி தொடங்கினால் இரண்டு பேரும் பாடப்புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு சுவரில் காதை வைத்துவிடுவார்கள். வாப்பாவும் முன்னறையில் பேப்பரைப் பிடித்தபடி பாட்டுக்குப் பெருவிரலை ஆட்டுவதை பஸ்லா பார்த்திருக்கிறாள்.

ஒரு படம் எழுபது நாளுக்கு மேல் ஓடியது. ஒரு தாய், செய்யாத களவுக்குச் சிறைக்குப் போகும் ஒரு மகன், அவனைக் காட்டிக்கொடுக்கும் ஒரு முதலாளி. வசனம் முழுக்க இருவருக்கும் மனப்பாடம். முகங்கள் மட்டும் இல்லை. அதனால் முகங்களைத் தாங்களே கொடுத்தார்கள். மகனுக்குச் சந்தி பேக்கரியில் பாண் எடுத்துத் தரும் நெட்டையனின் முகம். முதலாளிக்கு, பில் கட்டாவிட்டால் தண்ணீர்க் குழாயை வெட்ட வரும் ஆளின் முகம். தாய்க்கு உம்மாவின் முகம்.

“முடிவு?” என்று கேட்டார் ஜொனாதன், கேபிளைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு.

“முடிவு தெரியாது. கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு முந்தியே பக்கத்துக் கதவத் தொறந்திடுவாங்க. சனம் எங்கட சந்துக்குள்ளால கத்திக்கொண்டு போகும், சைக்கிள் பெல்லு வேற. ஒண்டுமே கேக்காது. உம்மாக்காரி மவுத்தாகிட்டா எண்டு தாத்தா சொல்லுவா. இல்ல, உசிரோடதான் எண்டு நான். அதுக்குச் சண்டை பிடிச்சு, முடியப் பிடிச்சு இழுத்தெல்லாம் ஈக்கி. யார்ட்டயும் கேக்கவும் ஏலாது. கேட்டா வாப்பாட காதுக்குப் பெய்த்திரும்.”

“பிறகு டிவியில போட்டிருப்பாங்களே, அன்ரி?”

“ரெண்டு தரம் போட்ட. நான் சனல மாத்திட்டேன்.”

ஏன் மாற்றினாய் என்று புவாத் கேட்கவில்லை. அன்று பின்னேரமே தெஹிவளைக்குத் தொலைபேசி எடுத்து, பீபியைச் சனிக்கிழமை படம் பார்க்க வரச் சொல்லிவிட்டார். ஜொனாதனிடம் அந்தப் படத்தைத் தேடி எடுக்கவும் சொன்னார். பழைய படம், சத்தத்தில் கரகரப்பு இருந்தது. ஜொனாதன் ஒரு முழுநாள் மினக்கெட்டு, குரலைக் கெடுக்காமல் அதைக் குறைத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை பீபி வந்தாள். அறுபது வயது, முழங்கால் வருத்தம், கையில் ஒரு டப்பா நிறையப் பொரித்த பற்றிஸ். நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு மூவரும் கீழே இறங்கினார்கள். புவாத் கதவை மூடி விளக்கைக் குறைத்தார். திரை வெளிச்சமானது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பீபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அல்லாஹ், இவனா மகன்! மீசையப் பாரேன்!”

“பேக்கரிக்காரன் எவ்வளவு வடிவு” என்றாள் பஸ்லா.

தாய் வந்தபோது சிரிப்பு நின்றது. நல்ல நடிகைதான். உருண்டை முகம், நெற்றி நிறையப் பொட்டு, கண்ணில் மை. ஆனால் பஸ்லாவுக்கு யாரோ அந்நியப் பெண் உம்மாவின் குரலைக் களவெடுத்துக்கொண்டு வந்து நிற்பதுபோல இருந்தது. உம்மா மவுத்தாகி மூன்று வருடமாகிறது. பஸ்லா தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். பீபி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“இந்தாங்க” என்றாள் பஸ்லா கணவரிடம். “படத்த நிப்பாட்டுங்க. சத்தம் மட்டும் ஓடட்டும்.”

“என்னது?”

“படம் வேணாம். சத்தம் போதும்.”

புவாத் கையிலிருந்த றிமோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “அப்ப நான் இந்தத் திரைய என்னத்துக்குக் கட்டின?” என்று முணுமுணுத்தபடி புரொஜெக்டரை அணைத்தார். அறை இருட்டானது.

இருட்டுக்குள் மகன் கத்தினான், முதலாளி மிரட்டினான், நீதிமன்றத்தில் மணி அடித்தது. வசனம் வருவதற்கு அரை நொடி முந்தியே சகோதரிகள் இருவரும் மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஓரிடத்தில் பீபி ஒரு வரியைத் தவறவிட, பஸ்லா எடுத்துக் கொடுத்தாள். மழைக் காட்சியில் பஸ்லாவுக்குப் பேக்கரிக்காரன் நனைந்துகொண்டு நிற்பது தெளிவாகத் தெரிந்தது. சுவரில் ஒட்டிய காதின் சில்லிப்பும், உம்மா பின்னால் கறிக்கு வெங்காயம் வதக்கும் மணமும்கூட வந்தன. பீபி தடவித் தடவி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் சிறைக் கதவு திறந்தது. இந்த இடத்தில்தான் சந்துக்குள் சனம் இறங்கும். இப்போது யாரும் இறங்கவில்லை. காலடிச் சத்தம் வந்தது. ஒரு மரக்கதவு கிறீச்சிட்டது. நெடுநேரம் ஒரு பேச்சும் இல்லை. பிறகு தட்டு வைக்கும் சத்தம், செம்பிலிருந்து தண்ணீர் விழும் சத்தம். தாயின் குரல், சாதாரணமாக, நேற்றும் சொன்னதுபோல: “கையைக் கழுவிட்டு வா.”

யாரோ ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். இசை எழுந்தது. படம் முடிந்தது.

“அவ மவுத்தாகல்ல” என்றாள் பீபி. “நாப்பத்தஞ்சு வருஷமா நான் அவவ மவுத்தாக்கி வச்சீக்கேன், பஸ்லா.”

“நான் அப்பவே சொன்ன.”

இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள், முக்காட்டு நுனியால் துடைத்தார்கள். புவாத் இருட்டில் ஒரு பற்றிஸை எடுத்துச் சத்தமில்லாமல் கடித்தார்.

“மகன் திரும்பி வந்துட்டான், அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் பீபி.

“மகன் எண்டு எப்படிச் சொல்ற? அவன்ட சத்தமே வரல்லையே. காட்டிக்குடுத்த முதலாளி மன்னிப்புக் கேட்டு வந்தீக்கலாம்.”

“முதலாளிக்கு எந்தத் தாய் சோறு போடுவா?”

“இவ போடுவா. தட்டு ரெண்டு வச்ச சத்தம் கேட்ட.”

“ஒரு தட்டுத்தான்!”

“ரெண்டு!”

புவாத்துக்குப் பொறுமை போய்விட்டது. “ஏன் சண்டை பிடிக்கிறீங்க? ரெண்டு நிமிஷம் பின்னால எடுத்துப் படத்தோட போட்டா முடிஞ்சு.”

“றிமோட்டிலருந்து கைய எடுங்க, புவாத்” என்றாள் பீபி.

இருவரும் அதே வழக்காடியபடி படியேறி மேலே போனார்கள். கதவு அவர்களுக்குப் பின்னால் மூடியதும் கீழேயிருந்து ஒரு சத்தமும் மேலே வரவில்லை. பஸ்லா கேத்தலை அடுப்பில் வைத்தாள். பீபி சமையலறைக் கதிரையில் காலை நீட்டி இருந்து முழங்காலைத் தடவினாள். தண்ணீர் கொதிப்பதற்குள் மகனும் முதலாளியும் போதாதென்று மூன்றாவதாக ஓர் ஆளையும் அந்தப் பலகையில் உட்காரவைத்துப் பார்த்தார்கள்.

தேத்தண்ணியை ஊற்றும்போது புவாத் மேலே வந்தார். முகம் கழுவிய ஈரம் தாடியில் இருந்தது. கதிரையை இழுத்து இருந்தார்.

பஸ்லா கோப்பையை நீட்டியபடி அவருடைய முகத்தைப் பார்த்தாள். “முடிவப் பாத்துட்டீங்களா?”

“ஓ, பாத்துட்டேன்.”

பீபி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சொல்லவேணாம்!”

“நான் வாயே தொறக்கல்லயே, மதினி” என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். இரண்டு பெண்களும், முடிவு யார் பக்கம் என்று முகத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பதுபோல, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.