எத்தனை கை

டிப்ஸ் டப்பாவை மேசைமேல் கவிழ்த்ததும் கேப்டன் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "இன்னிக்கு எத்தனை கை?" மதிய வியாபாரம் முடிந்து, கதவில் தொங்கும் பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு, ஜன்னலோர மேசையைச் சுற்றி நாங்கள் உட்காருகிற நேரம் அது. கால்வலி அப்போதுதான் தெரியத் தொடங்கும். எங்கள் உணவகத்தில் ஆள் என்றோ பங்கு என்றோ சொல்வதில்லை, கை என்றுதான் சொல்வோம். பரிமாறுகிறவர்களுக்குத் தலைவரான கேப்டனையும் சேர்த்து நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு ஒரு முழுக் கை. கல்லாவில் உட்காருகிறவர் பில்லை நீட்டுவதோடு சரி என்பதால் அவர் அரைக் கை. இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் கேப்டனுக்கு முன்னால் இருந்த கேப்டன் என்பார்கள். எனக்கு அதில் எந்தக் குறையும் இருந்ததில்லை. சொல்லப்போனால் என் வேலைக்கு ஒரு கை கொஞ்சம் குறைச்சல் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைகிறவரின் முகத்தைப் பார்த்ததும் இவருக்குப் பேச்சு வேண்டுமா, சூப் மட்டும் போதுமா என்று எனக்குத் தெரிந்துவிடும். குழந்தையோடு வருகிறவர்களுக்கு மெனுவுக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்பூனைக் கொண்டுபோய் வைப்பேன். குழந்தை அதை வைத்து மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும், பெற்றவர்கள் நிம்மதியாகத் தேர்ந்தெடுப்பார்கள், போகும்போது டப்பா நிறையும். கைராசிக்காரி என்பது அங்கே எனக்கு வைத்த பெயர். அந்தக் கைராசியில்தான் ஒரு ஸ்கூட்டருக்குக் கடையில் முன்பணத் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வேலைக்கு வந்து, வந்த பிறகும் நின்றுகொண்டே இருக்கிற பிழைப்பு எனக்கு அலுத்துவிட்டது. தவணை முடிந்து சாவி கைக்கு வர இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

அன்று கேப்டன் "நாலரை கை" என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு சில்லறையைப் பிரிக்க ஆரம்பித்தபோது சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு என் நாத்தனார் வந்து நின்றார். என் கணவரின் அக்கா. வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டதால் எங்கள் வீட்டுக்கு வந்தவர். தம்பி வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றதால், பாத்திரம் கழுவும் வேலைக்கு நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இடுப்பில் கட்டியிருந்த ரப்பர் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாலரைங்கிறீங்களே, என் கை எங்க?" என்றார்.

கேப்டன் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "இது வர்றவங்க கண்ணுல படுற கைக்கு மட்டும்தாம்மா. உள்ள இருக்கிறவங்களுக்குச் சம்பளத்தோட சரி. இதெல்லாம் எங்களுக்குள்ள பேசி வச்சது."

"கண்ணுல படணும். அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் உள்ளே போய்விட்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். பிறந்ததிலிருந்து அவரோடு வாழ்ந்த என் கணவர் அங்கே இருந்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் நானும் நாத்தனாரும் பக்கத்துப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். "அண்ணி, அது பழைய வழக்கம், மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். "வேலைக்குக் கூப்பிடும்போது நீ என்ன சொன்னே?"

"சம்பளம் கம்மி, ஆனா டிப்ஸ் நல்லா வரும்னு சொன்னேன்."

"அப்படிச் சொல்லலை. 'நமக்கு டிப்ஸ் நல்லா வரும் அண்ணி'ன்னு சொன்னே. எங்களுக்குன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். நமக்குன்னா அதுல நானும்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. சொன்னது உண்மைதான். வாய்தவறி வந்த நமக்கு அது. வீட்டில் எல்லாவற்றுக்கும் நமக்கு என்று சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். "காசு பெருசில்ல அண்ணி, விடுங்களேன்" என்று சமாளித்துப் பார்த்தேன்.

"காசு பெருசில்லன்னு யார் சொன்னா? எனக்குக் காசு வேணும். என் செருப்பைப் பாத்தியா?" என்று காலைத் தூக்கிக் காட்டினார். பஸ் வளைவில் திரும்ப, என் தோளைப் பிடித்துக்கொண்டார். கோபத்தில் இருந்தாலும் பிடித்துக்கொள்ள என் தோள்தான் வேண்டியிருந்தது. வீட்டில் என் கணவரிடம் இருவரும் தனித்தனியாக முறையிட்டோம். அவர் இருவருக்கும் நியாயம்தான் நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டு, மொட்டைமாடியில் காயாத துணியைப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் மதியம் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. கேப்டன் ஒரு கல்யாண கோஷ்டிக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துச் சமையலறைக் கதவு திறந்தது. நாத்தனார் வெளியே வந்தார். முந்தானையை இழுத்துச் செருகி, தலையை ஒதுக்கிக்கொண்டு, பெண் பார்க்கப் போன வீட்டுக்குள் நுழைவது போன்ற நிதானத்தில் முதல் மேசைக்குப் போனார்.

"வணக்கம். இந்தத் தட்டு நான் கழுவினது. சுத்தமா இருக்கா?" என்று கேட்டு, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வெந்நீரில் ஊறி ஊறிச் சுருங்கிப் போயிருந்த உள்ளங்கைகள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கைகளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், "இருக்குங்க" என்றார். "சந்தோஷம்" என்று அடுத்த மேசைக்கு நகர்ந்தார் நாத்தனார். மறுபடி வணக்கம், மறுபடி தட்டு, மறுபடி கை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு கிண்ணம் சூப்போடு நடு வழியில் நின்றுவிட்டேன். தினமும் ஒரே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, எதைக் கொடுத்தாலும் உப்பில் குறை சொல்லும் பெரியவர் ஒருவர் உண்டு. அவர் தன் ஸ்பூனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "என் மூஞ்சி தெரியுதும்மா. இத்தனை வருஷமா சாப்பிடறேன், இதைப் பாக்கலையே" என்றார். "மூஞ்சி நல்லாத்தான் இருக்கு, சாப்பிடுங்க" என்றார் நாத்தனார். சுற்றியிருந்த மேசைகளில் குபீரென்று சிரிப்பு. கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். சிரிக்கிற வாடிக்கையாளர் முன்னால் ஆளை விரட்டவும் முடியாது.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் அவர் காட்டிய ஒவ்வொரு தட்டையும் நானும் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் வருவதற்கு முன்னால் அந்த வேலைக்கு ஆளில்லாமல் நாங்களே முறை வைத்துக் கழுவிய நாட்கள் நினைவுக்கு வந்தன. அப்படி ஒரு நாள் ஒரு அம்மாள் வேறு யாருடையதோ உதட்டுச்சாயம் ஒட்டிய கோப்பையை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினாள். நான் எவ்வளவோ சிரித்தேன், மன்னிப்புக் கேட்டேன், புதிய கோப்பை கொடுத்தேன். ஒரு காசு வைக்காமல் எழுந்து போனாள். கைராசி அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

என் மேசையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் கிளம்பும்போது கேட்டாள். "அவங்க உங்க சொந்தமா? ஜாடை இல்லையே."

"வீட்டுக்காரரோட அக்கா" என்றேன்.

வழக்கமாக வைப்பதற்கு மேலே இன்னொரு நோட்டை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "இது அவங்களுக்கும் சேர்த்து." அவள் கதவைத் தாண்டிப் போன பிறகும் அதை டப்பாவில் போடத் தோன்றாமல் நின்றேன். டப்பாவில் போட்டால் அது நாலரை கையாகப் பிரிந்துவிடும். பிரிந்தால் அவளுடைய 'சேர்த்து' எங்கே போகும்? இதைப் பெரிய தத்துவமாக எல்லாம் யோசிக்கவில்லை. அந்த நோட்டு கையில் உறுத்தியது, அவ்வளவுதான்.

பலகையைத் திருப்பி மாட்டியதும் கேப்டன் நேராக முதலாளியிடம் போனார். முதலாளி, டிப்ஸ் உங்கள் பாடு என்று வழக்கம்போல் கைகழுவிவிட்டார். சமையல்காரர் தனக்கு நல்ல சம்பளம் இருக்கிறது, இந்தப் பஞ்சாயத்தில் தன்னை இழுக்க வேண்டாம் என்று கரண்டியை ஆட்டிச் சொல்லிவிட்டு வெளியே காற்று வாங்கப் போனார். ஜன்னலோர மேசையைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்தோம். உள்ளே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது நாளைக்கும் நடந்தா நான் வேலையை விட்டுடறேன்" என்றார் கண்ணாடிக்காரர். எங்கள் நால்வரில் மூத்த பரிமாறுபவர் அவர். "நான் முதுகு ஒடிய நடக்கிறேன். அவங்க ஒரே இடத்துல நிக்கறாங்க."

"ஒரே இடத்துல நின்னு பாத்திருக்கீங்களா?" என்றாள் எங்களில் இளையவளான, நாங்கள் குட்டை என்று கூப்பிடுகிற பெண். இன்னும் கல்லூரிக்குப் போய்க்கொண்டே வேலை பார்க்கிறவள், வாய் நீளம். "போன மாசம் உங்க முறை வந்தப்ப முட்டி வலின்னு ஓடிட்டீங்களே."

நான் அந்த நோட்டை எடுத்து மேசைமேல் தனியாக வைத்தேன். யார் கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தது என்று சொன்னேன். "கண்ணுல படுற கைக்குத்தான் பங்குன்னு சொன்னீங்க கேப்டன். பட்டுடுச்சு. இதுக்கு என்ன பண்ணலாம்?" என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அதே சமயம் ஸ்கூட்டர் சாவி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போவதும் தெரிந்தது. வயிற்றெரிச்சல் இல்லாமல் இல்லை. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் எண்ணம் வரவில்லை.

"அவங்க உன் சொந்தம். நீ அப்படித்தான் பேசுவே" என்றார் கண்ணாடிக்காரர்.

"நாத்தனாருக்குப் பரிஞ்சு பேசற பொண்ணை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்றேன். கேப்டன்கூடச் சிரித்துவிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, பேசிட்டே இருந்தா சாயங்கால வியாபாரம் வந்துடும். அவங்களைச் சேர்க்க வேணாங்கிறவங்க கை தூக்குங்க." சொல்லிவிட்டுத் தன் கையைத் தூக்கினார். கண்ணாடிக்காரர் தூக்கினார். கல்லாக்காரர் எங்கள் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டு, காது வரைக்கும் தூக்கி நிறுத்தினார்.

"இது எந்தக் கணக்கு?" என்றாள் குட்டை.

"நான் அரைக் கைதானேம்மா. இன்னொரு ஆள் வந்தா என் அரைக் கை கால் ஆயிடும்" என்றார் அவர் பரிதாபமாக. கோபத்தில் இருந்த கண்ணாடிக்காரரும் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைத் தட்டினார்.

"ரெண்டரை" என்றார் கேப்டன். "சேர்க்கணுங்கிறவங்க?"

குட்டை விருட்டென்று தூக்கினாள். நானும் தூக்கினேன். நன்றாக, முழங்கை மடங்காமல், கடைசி மேசைக்குத் தட்டு கொண்டுபோகிற உயரத்துக்குத் தூக்கினேன். தூக்கிய பிறகு மனசு லேசானது. ரெண்டரைக்கு ரெண்டு என்பது பஸ்ஸில் நின்றுகொண்டே கணக்குப் போடுகிற எனக்குத் தெரியாதா? தோற்றாலும் பரவாயில்லை, நமக்கு என்று சொன்ன வாயைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் உள்ளே தண்ணீர் நின்றுபோயிருந்ததைக் கவனித்தேன். கேப்டனும் கவனித்திருக்க வேண்டும். அவருடைய ஆள்காட்டி விரல் காற்றில் எண்ணத் தொடங்கியிருந்தது. "ஒண்ணு" என்று குட்டையைத் தொட்டது. "ரெண்டு" என்று என்னைத் தொட்டது. பிறகு என் தலைக்கு மேலாக எதையோ பார்த்து, அந்தரத்தில் நின்றது.

திரும்பினேன். சமையலறைக் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்துக்கொண்டு நாத்தனார் நின்றிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் வலது கையை உயரத் தூக்கியிருந்தார். விரல்களிலிருந்து சோப்புத் தண்ணீர் மணிக்கட்டு வழியாக இறங்கி, முழங்கையில் ஒரு கணம் தயங்கி, தரையில் சொட்டியது. இன்னொரு சொட்டு திரண்டது. கேப்டனின் விரல் அந்தக் கைக்கு நேராக நீண்டபடி இருந்தது, அடுத்த எண்ணைச் சொல்ல அவர் வாய் திறந்திருந்தது.