இடம் பார்க்கப் போனவர்

மணலில் செருப்பு புதைந்து புதைந்து வந்ததால் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மேட்டின் மேல் பழைய கல்லறைத் தோட்டத்தின் கம்பிக் கதவு தெரிந்தது. அப்பாவை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் எடுக்க வேண்டும். எங்கே என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

ஊருக்குள் இருக்கும் புது இடுகாடே போதும் என்றான் அண்ணன். அங்கே வண்டி வாசல்வரை போகும். இவள்தான் அப்பாவுக்கு இந்தக் கடலோரம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இத்தனை மாதமாக அவருக்கு வாய் துடைத்து, துணி மாற்றி, தூக்கம் கெட்டுக் கிடந்தவள் அவள். கடைசியாக இந்த ஒன்றையாவது அவர் ஆசைப்படி செய்துவிட வேண்டும் என்றிருந்தது. நிற்கக்கூடத் தெம்பில்லாத நாளில்தான் இந்த வீம்பெல்லாம் வந்து தொலைக்கும்.

அப்பா குழாய் வேலை பார்த்தவர். தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, 'குழாய்' என்றால் தெரியும். அவர் சாப்பிட உட்காரும்போதுதான் யார் வீட்டிலாவது தொட்டி வழியும். படுக்கையில் விழுந்த பிறகும் எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியே, மோட்டார் ஏன் இரைகிறது என்று கேட்டுவிட்டுத்தான் உடம்பு எப்படி என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பா யார் கையிலும் அகப்பட மாட்டார். "இடம் பாத்துட்டு வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவார். சொந்தக்காரர் ஒருவரின் கல்லறையும் இங்கே கிடையாது. உயிரோடு இருக்கும்போதே குழிக்கு இடம் பார்க்கிற மனுஷனை எங்கேயாவது கண்டதுண்டா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

காவல்காரருக்கு அப்பாவைத் தெரிந்திருந்தது. செய்தியைக் கேட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடல் பக்கம் ஓரிடம் காலியாகத்தான் இருக்கிறது, தரலாம் என்றார்.

"அப்பா பாத்து வெச்சிருந்த எடம் அதுதானாய்யா?"

அவருக்குப் புரியவில்லை. "அவர் எங்கம்மா பாத்து வெச்சார்? வெயில் நகர நகர இவரும் நகருவார். நெழல் விழுற எடமாப் பாத்து உக்காருவார், அவ்வளவுதான்."

"என்ன பேசுவார்?"

"ஒண்ணும் பேச மாட்டார். நானும் எதுவும் கேக்க மாட்டேன்."

அவர் மண்வெட்டியை எடுத்துவரப் போனார். அவள் ஒரு வேப்பமர நிழலில், எழுத்தெல்லாம் உப்புக்காற்றில் அழிந்துபோயிருந்த கல்லின்மேல் உட்கார்ந்தாள். கீழே அலை வந்து வந்து போனது. யாருக்கு மாத்திரை, யாருக்குக் கஞ்சி என்று ஒன்றும் இல்லை. இங்கே படுத்திருக்கிற யாரையும் அவளுக்குத் தெரியாது, அவர்களுக்கும் அவளால் ஆகவேண்டியது எதுவுமில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. அப்பா ஞாயிறுதோறும் பார்க்க வந்த இடம் இதுதானோ.

அப்பாவை இங்கே வைத்தால் வருஷா வருஷம் எல்லோரும் வருவார்கள். அம்மா புலம்புவாள். அண்ணன் ஃபோனில் யாரையாவது திட்டிக்கொண்டு நிற்பான். எதிர்வீட்டுக்காரரும் வருவார், சந்தேகமே இல்லை. வந்து மோட்டார் விஷயத்தை ஆரம்பித்துவிடுவார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. காலையிலிருந்து வராத அழுகை.

காவல்காரர் மண்வெட்டியோடு வந்து எங்கே வெட்டலாம் என்று பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவர் வழக்கம்போல எதுவும் கேட்கவில்லை.

அண்ணன் ஃபோனில் கூப்பிட்டான். "எடம் கெடச்சுதா இல்லையா?"

"இல்லண்ணா. எல்லாம் நெறஞ்சிடுச்சாம். நீ சொன்ன எடத்துலயே வெச்சிடலாம்."

அவன் சண்டைக்குத் தயாராக இருந்திருப்பான் போல, குரல் சட்டென்று இறங்கியது. "சரி, நீ சீக்கிரம் வா. ஆளாளுக்கு உன்னையத்தான் கேக்கறாங்க" என்றான்.

"இதோ கெளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, கால்களை நீட்டிக்கொண்டாள்.