கணக்கு விழாவுக்கு ஒப்புட்டு

அன்புக்கரசி ஒரே பிடியாக நின்றாள். ஒப்புட்டுதான் வேண்டும்.

"தர்ப்பூசணி வாங்கித் தாரேன் கண்ணு. அதை வட்டமா அறுத்துக்கலாமே?" என்றாள் பொற்கொடி.

"ஊட்டுல செஞ்ச பண்டமா இருக்கோணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்கம்மா. எல்லாருக்கும் முன்னால நாந்தான் பின்னக் கணக்கு செஞ்சு காட்டப்போறேன்."

முழுப் பழமென்றால் கை நீட்டி வாங்குவார்கள், தன் அடுப்பில் வெந்ததை வாங்கமாட்டார்கள் என்பதை அஞ்சாவது படிக்கிற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? காரமடைக்குத் தெற்கே அந்த ஊரில், தோட்டத்தில் அவளுக்கு டீ ஊற்றுவது இன்றைக்கும் தனி டம்ளரில்தான். ஆனால் அவள் அறிவொளி வகுப்பில்தான் கையெழுத்துப் போடவே பழகியவள். மகளோ சிலேட்டைத் தொடாமல் கணக்குப் போடுகிறாள். கடைசியில் கடலைப்பருப்பை வேகப் போட்டாள். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பூரணம் பிடித்து, மாவுக்குள் வைத்து, போளி போலத் தட்டு அகலத்துக்கு ஒரே ஒப்புட்டாகத் தட்டி, நெய் விட்டுச் சுட்டெடுத்தாள்.

கணக்கு விழா புவனா டீச்சரின் யோசனை. தாராபுரத்திலிருந்து மாற்றலாகி வந்த சின்ன வயசுக்காரி. வகுப்பு முழுக்க வண்ணக் காகிதத்தில் முக்கோணமும் சதுரமுமாகத் தொங்கவிட்டிருந்தாள். பெற்றோர் சங்கத் தலைவர் ஈஸ்வரமூர்த்தி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொற்கொடி கூலிக்குப் போவது அவர் தோட்டத்துக்குத்தான். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவள், வராந்தாவில் சன்னலோரம் நின்றுகொண்டாள்.

அன்புக்கரசி கொஞ்சமும் தடுமாறவில்லை. நடுவில் ஒரு வெட்டு வெட்டி, "இது அரை" என்றாள். குறுக்கே வெட்டி, "இது கால்" என்றாள். அப்புறம் சாய்வாக இரண்டு வெட்டு வெட்டி, "இப்ப எட்டுப் பங்கு. எல்லாமே சமம்" என்றாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"முன் பெஞ்சுக்குப் பங்கு வெச்சுக் குடு கண்ணு" என்றாள் புவனா.

முதல் பங்கு டீச்சருக்கு. அடுத்தது ஈஸ்வரமூர்த்தியின் மகன் தீபக்குக்கு. மிச்சத்தை வரிசையாகக் கொடுத்து முடிப்பதற்குள் தீபக் தன் பங்கை வாய்க்குக் கொண்டுபோனான்.

"தீபக்."

ஈஸ்வரமூர்த்தி அதட்டவில்லை. பேரை மட்டும்தான் சொன்னார். பையன் பங்கைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு விரல்களை டவுசரில் துடைத்தான். பக்கத்துப் பிள்ளையும் வைத்தது. அதற்கடுத்ததும் வைத்தது. அன்புக்கரசி ஒன்றும் புரியாமல் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தாள். பிறகு தன் பங்கைக் காகிதத்தில் மடித்து, "டீச்சர் அப்புறமாச் சாப்பிடறேன் கண்ணு" என்று மேசை மேல் ஓரமாக வைத்தாள்.

பொற்கொடி உள்ளே வந்தாள். பெஞ்சின் மேலிருந்த பங்குகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்துப் போட்டாள். டீச்சர் முன்னால் போய், "அதையுங் குடுத்துருங்க" என்று காகிதத்தோடு வாங்கிக்கொண்டாள்.

"ஏம்புள்ள, என்ன வேலை இது?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"எம்புள்ளைக்குப் பசிக்குமுங்க."

பள்ளிக்கூட வாசற்படியில், எல்லாரும் பார்க்க, தாயும் மகளும் உட்கார்ந்து தின்றார்கள். அழுகையில் அன்புக்கரசிக்கு விழுங்க முடியவில்லை. "மென்னு முழுங்கு" என்றாள் பொற்கொடி.

அன்று சாயங்காலமே தோட்டத்து ஆள் வந்து, இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை புவனா வீடு தேடி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அன்புக்கரசி ரொம்ப நல்லாப் படிக்கற புள்ளைங்க."

"தெரியுமுங்க."

"அன்னிக்கு நான்... தலைவர் எதுக்கால இருந்தாருங்க. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலைங்க."

"வாயில போட்டிருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

புவனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்களுக்கு மாத்தல் வந்திருக்குமுங்க. எனக்கு வேலையே போச்சு" என்றாள் பொற்கொடி. குரலில் கோபம்கூட இல்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. புவனா வந்த வழியே திரும்பிப் போனாள்.

மறுநாளிலிருந்து பொற்கொடி விடிகாலை பஸ் பிடித்து, பெரியநாயக்கன்பாளையத்தில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். அன்புக்கரசி பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இல்லை. கணக்கு எல்லாம் சரியாகத்தான் போட்டாள். டீச்சர் கேள்வி கேட்டால் மட்டும், விடை தெரிந்தாலும், கை தூக்குவதில்லை.