ஏரியில் வைத்த வெள்ளைக் காய்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் எங்கள் ஆண்கள் எல்லோரும் ஜெனரல்களாகிவிடுவார்கள். பங்கு மண்டபத்து மேசையில் வரைபடம் விரியும். கரம் போர்ட்டில் விளையாடுகிற காய்கள் படைகளாகும். தேத்தண்ணி ஊற்ற மட்டும் பெண்கள் வேண்டும்.

1993இல் அப்படி ஒரு ஞாயிறு. அன்றைக்கு இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகை. கறுப்புக் காய் ஜெர்மன்காரர், வெள்ளை பின்லாந்துக்காரர், சிவப்பு முற்றுகைக்குள் கிடக்கும் நகரம். வடக்கிலிருந்து வந்த பின்லாந்துப் படை தன் பழைய எல்லையை ஒட்டி நின்றுவிட்டதாம். ஜெர்மன்காரர் எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் இறங்கவில்லையாம். அதனால் லடோகா ஏரி திறந்து கிடந்ததாம். அதன் வழியாகத்தான் நகரத்துக்குக் கோதுமை மா போனதாம், சனம் வெளியே வந்ததாம்.

"நிண்டது மடைத்தனம்," என்றார் ஞானரட்ணம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். "இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் நகரம் ரெண்டு கிழமையில விழுந்திருக்கும். கிறிஸ்துராஜா, நீர் பின்லாந்து. விளையாடும் பாப்பம்."

கிறிஸ்துராஜா என் கணவர். வெள்ளைக் காயை எடுத்து ஏரியின் நடுவில் வைத்தார்.

"பூட்டியாச்சு," என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரின் ஒரே தங்கை றோஸ்மலர், அடைபட்டுக் கிடக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பிள்ளைகளோடு கிளாலிக் கடலேரியால் வெளிக்கிட்டிருந்தாள். நேவிக்குப் பயந்து படகுகள் விளக்கில்லாமல் ஓடுகிற ஏரி. வேறு வழி கிடையாது. கரை சேர்ந்ததும் வவுனியாவிலிருந்து ரெலிபோனில் பேசுவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள், இன்னும் சத்தமில்லை. பூசை முடிந்த கையோடு வீட்டுக்குப் போவோம் என்றேன். பத்து நிமிசம் என்றார். அந்தப் பத்து நிமிசத்தில் செய்த வேலை இது.

தேத்தண்ணிக் கேத்திலை மேசையில் வைத்தேன்.

"மாஸ்டர், அந்த ஏரியால வந்துகொண்டிருந்த சனம் இப்ப எங்க?"

"அது இந்தக் கணக்கில வராது, மெற்றில்டா. இது யுத்த தந்திரம்."

நான் கணவரைப் பார்த்தேன். "இஞ்சாருங்கோ, எதைப் பூட்டினீங்கள் எண்டு விளங்குதோ? உங்கட தங்கச்சி இப்ப எந்த ஏரியில நிக்கிறாள்?"

அவர் காயை எடுக்கக் கை நீட்டினார்.

"வைச்ச காயை எடுக்கேலாது," என்றார் மாஸ்டர். வெட்கம் கெட்ட மனிதர்.

கணவர் எடுத்தார். எடுத்து, பழைய எல்லையில் கொண்டுபோய் வைத்தார். "நான் இதில நிக்கிறன்," என்றார்.

அப்போதும் என் கோபம் இறங்கவில்லை. நின்ற பின்லாந்துக்காரனும் வடக்குப் பாதையை அடைத்துக்கொண்டுதானே நின்றான்? உள்ளே பட்டினியில் செத்தவர்களுக்கு அவன் எங்கே நின்றால் என்ன?

"நிண்டால் மட்டும் காணாது," என்றேன். "ஜக்கெற்றைப் போடுங்கோ. ரெலிபோன் அடிச்சால் எடுக்க வீட்டில ஒருத்தரும் இல்லை."