சின்னக்கண்ணு தேய்த்த டைட்டானியம்

ஆரணியில் சின்னக்கண்ணுவின் லேத் பட்டறையைத் தெரியாத விசைத்தறிக்காரர் கிடையாது. அவர் கடைந்து கொடுக்கும் ஷாப்டில் பட்டு நூல் சிக்காது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பட்டு இழையை இழுத்துப் பார்ப்பார். இழை கொஞ்சம் தயங்கினாலும் போதும், மறுபடி உப்புத்தாளை எடுத்துவிடுவார். இந்த விஷயத்தில் மனிதர் கொஞ்சம் கிறுக்கு என்றே சொல்ல வேண்டும்.

2008இல் அவருடைய தங்கை மகள் ஸ்வர்ணலதா சென்னையிலிருந்து பன்னிரண்டு டைட்டானியம் கம்பிகளோடு வந்தாள். ஆராய்ச்சி மாணவி. வெளிநாட்டில் ஏதோ ஒரு இயந்திரம் உலோகப் பொடியை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக வளர்த்தெடுத்த கம்பிகளாம். விரல் நீளம், மேலெல்லாம் சொரசொரப்பு. அவற்றை லட்சக்கணக்கான தடவை இழுத்துத் தளர்த்தி, எப்போது களைத்து உடைகின்றன என்று பார்ப்பதுதான் அவள் படிப்பு. ஆறு கம்பிகளுக்கு முனையில் மரை வெட்டிப் பாலிஷ் போட வேண்டும். தனிக் கட்டாகக் கட்டியிருந்த மற்ற ஆறுக்கு மரை மட்டும் வெட்டினால் போதும், நடுப்பகுதியைத் தொடவே வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள். மார்ச்சுக்குள் ஆராய்ச்சியை முடித்தாக வேண்டும் என்றும் சொன்னாள்.

மாமனுக்கு வேலை வைக்கக் கூசுகிறாள் என்று சின்னக்கண்ணு நினைத்துக்கொண்டார். டைட்டானியம் லேசில் மசியவில்லை. மூன்று டூல்களின் முனையை மழுக்கிவிட்டது. தறிக்காரர்களை நான்கு நாள் அலையவிட்டு, பன்னிரண்டையும் கண்ணாடி மாதிரி ஆக்கினார். இழை எதிலும் தயங்கவில்லை. பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டிப் பீற்றிக்கொண்டார்.

ஸ்வர்ணலதா வந்து பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொரசொரப்பா இருந்த ஆறு எங்க மாமா?"

எல்லாவற்றுக்கும் சேர்த்தே பாலிஷ் போட்டுவிட்டதாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிக்கவில்லை. வேறு கம்பிகள் வந்து சேர எட்டு மாதம் ஆகும், மார்ச் அதற்கு முன்பே போய்விடும் என்றாள். குரல்கூட உயரவில்லை.

சின்னக்கண்ணுவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "சொரசொரன்னு இருந்தா சீக்கிரம் உடையும்னு எனக்கே தெரியும். அத்தப் போயி எதுக்கும்மா டெஸ்ட் பண்ணிகினு?"

"இடுப்பு மூட்டு தேஞ்சவங்களுக்கு உள்ள வெக்கறதயும் இப்படித்தான் வளக்கறாங்க, அதுல குட்டிக் குட்டியா ஓட்டை இருக்கும் மாமா. அதுக்குள்ள யாரு கையும் போவாது, பாலிஷ் போட முடியாது. அது எத்தினி வருசம் தாங்கும்னு யாராச்சும் சொல்லணுமில்ல?"

அவர் லேத்தை அணைத்தார். திட்டிவிட்டாவது போ என்றார்.

"எப்படித் திட்டறது மாமா? வேலையில ஒரு குறை இல்ல."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கைவேலையைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. சொரசொரப்பாகவே விட்டிருக்க வேண்டிய அந்த ஆறையாவது தனியாக எடுத்துக் கொடுக்கச் சொன்னாள், வீணானதாகக் கணக்குக் காட்ட வேண்டுமாம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எந்த ஆறு என்று அவருக்கே தெரியவில்லை.