ஒன்றரை மணி பின்னால்

1942 பிப்ரவரி 19, வியாழக்கிழமை காலை, ரயில் நிலையக் கோபுரக் கடிகாரத்தின் முட்கள் ஒன்றரை மணி நேரம் முன்னுக்கு நகர்த்தப்பட்டன. நகர்த்தியவர் அந்தக் கடிகாரத்தின் மூன்றாவது காப்பாளர்.

வெள்ளைக்கார அரசு கப்பலேறிப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதிதாக வந்து இறங்கிய படை, தன் நாட்டு நேரம்தான் இனி இந்த ஊருக்கும் நேரம் என்று உத்தரவு போட்டது. காப்பாளர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு படியேறினார். அதற்குக் கூலியாக அவருக்குப் படைச் சின்னம் போட்ட கைப்பட்டையும் அரிசியும் கிடைத்தன. மூன்றரை ஆண்டு கழித்துப் பழைய எஜமானர்கள் திரும்பி வந்ததும் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். வெளியே வந்தபோது வேலையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. ஊர் மட்டும் ஒரு பட்டம் கொடுத்தது: முள்திருப்பி. காற்றடித்த பக்கம் சாய்கிறவன் என்று அர்த்தம். பட்டம் அவரோடு மண்ணுக்குள் போகவில்லை. பிள்ளைகள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவருடைய மகளுக்கு இப்போது எழுபத்தேழு வயது. மகளின் மகள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். அக்கம்பக்கத்தில் அவளுக்கு எக்ஸ்ரேக்காரி என்றே பேர். ஒருநாள் மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது அம்மா வெறுமனே தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ஊர்ச் சங்கத்துலேர்ந்து பேசினாங்கடி. ஸ்டேஷனுக்கு வெள்ளையடிக்கிறாங்களாம். கடிகாரம் பார்த்துக்கிட்ட எல்லார் படத்தையும் வரிசையா மாட்டப் போறாங்களாம். ரெண்டாவது ஆள் படம் இருக்கு, நாலாவது ஆள் படம் இருக்கு. நடுவுல அப்பா படம்தான் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள தரணுமாம்.”

“குடுக்க வேண்டியதுதானே?”

“எதுக்கு? ஊர் பார்த்துச் சிரிக்கவா?”

படம் அலமாரியில், புடவைகளுக்கு அடியில், பழைய தலையணை உறைக்குள் இருந்தது. கூடவே ஒரு தகர டப்பா. அதில் பழைய அரசு கொடுத்த சேவைப் பதக்கமும் புதிய படை கொடுத்த கைப்பட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எக்ஸ்ரேக்காரி சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்த மனுஷன் எந்தப் பக்கம் என்று கேட்டால், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அம்மாவின் தம்பி, சின்ன மாமா, ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவருக்கு எதிலும் சந்தேகம் கிடையாது.

“அப்பா வெள்ளைக்காரனைத் துரத்தக் கை கொடுத்தவர் அக்கா. முள்ளைத் திருப்பினது வீரம்.”

“நீ அப்போ இடுப்புல இருந்த பிள்ளைடா. உன் மூக்கைத் துடைச்சு விட்டவ நான். நீ எனக்குச் சரித்திரம் சொல்றியா?”

“அப்போ நீயே சொல்லேன்.”

“தெரிஞ்சாத்தானே சொல்ல? பயந்து திருப்பினாரா, அரிசிக்கு ஆசைப்பட்டுத் திருப்பினாரா, அவங்களை நம்பித் திருப்பினாரா, ஒண்ணும் தெரியாது. தெரியாம அந்த முகத்தை நான் சுவத்துல ஏத்த மாட்டேன்.”

“எப்படியோ போகட்டும். ஊருக்கெல்லாம் மணி காட்டினவர், சொந்த வீட்டுக் கடிகாரத்தைச் சரி பண்ணத் தெரியாதவர். அதையாவது ஒத்துக்குவியா?”

அதற்கு மட்டும் அம்மா சிரித்தாள். அது அந்தக் குடும்பத்தின் பழைய வேடிக்கை. அப்பா எண்ணெய் வாசனையோடு வீட்டுக்கு வருவதும், நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும், அப்படியும் அது ஊருக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருவதும் அவளுக்கு நேற்று நடந்தது போல இருந்தன.

புதன்கிழமை எக்ஸ்ரேக்காரி அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு ரயில் நிலையத்துக்குப் போனாள். தாத்தாவைப் பற்றி வாய்வழியாக ஏதாவது வந்திருக்குமா என்று இப்போதைய காப்பாளரைக் கேட்கலாம் என்பது அவள் எண்ணம். அவன் நாற்பது வயதுக்காரன், வாயாடி. சாவி கொடுக்கும் நாள் என்பதால் மேலே இருந்தான். இரும்புப் படிகளில் மூச்சு வாங்க ஏறிப் போனாள்.

கோபுரத்துக்குள் அறையின் நடுவே பித்தளையும் இரும்புமாக இயந்திரம் நின்றது. அதிலிருந்து நான்கு பக்கமும் தண்டுகள் நீண்டு, சுவரைத் துளைத்து, வெளி முகங்களின் முட்களைச் சுழற்றின. உள்ளே இருக்கிறவனுக்கு வெளி முகங்கள் தெரியாது. அவனுக்காக இயந்திரத்தின் மேலேயே உள்ளங்கை அளவில் ஒரு சின்ன முகம் வைத்திருந்தார்கள். வெளியே என்ன மணியோ அதை அது உள்ளே காட்ட வேண்டும்.

அது ஒன்பது பத்து காட்டியது. அவள் கைக்கடிகாரத்தில் பத்து நாற்பது.

“தம்பி, இது நின்னுபோச்சா?”

“நிக்கலைக்கா, ஓடுது. பிறவிக் கோளாறு. அது காட்டறதோட ஒன்றரை மணி கூட்டிக்கணும். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் கூட்டினார். மாமியாருக்குக் காது கேக்காதுன்னா நாம கொஞ்சம் சத்தமா பேசிக்கறதில்லையா, அது மாதிரி பழகிப்போச்சு.”

“ஒன்றரை மணியா? சரியாவா?”

“ஒரு நிமிஷம் கூடாது, குறையாது.”

அவள் அந்தச் சின்ன முகத்தருகே குனிந்தாள். பிறகு, “இதோட உள்பக்கத்தைக் காட்ட முடியுமா?” என்றாள்.

“ஓடறதைப் போய் எதுக்குக்கா?”

“எலும்பு கோணலா இருந்தா, பிறவியா, உடைஞ்சு ஒட்டினதான்னு உள்ளே பார்த்தாத்தான் தெரியும். நான் தினம் பண்ற வேலை அதுதான்.”

அவன் சிரித்துக்கொண்டே பின்தகட்டைத் திறந்து, துணியால் மசகைத் துடைத்து, டார்ச் அடித்தான். வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்துச் சுத்தம் பண்ணுவது வழக்கம். திரும்பக் கோர்க்கும்போது ஒரு பல்சக்கரத்தின் புள்ளி அடுத்ததன் புள்ளியோடு சேர வேண்டும். அவன் கோர்க்கும் புள்ளியைத் தொட்டுக் காட்டினான். அது கோணலாக, கையால் தட்டியது போல இருந்தது.

“சில பல் தள்ளி இன்னொண்ணு மினுங்குதே, அது என்ன?”

அவன் குனிந்தான். கத்தி முனையால் சுரண்டினான். ஈயம் உதிர்ந்தது. அடியில் அச்சில் வார்த்தது போல வட்டமான ஒரு புள்ளி.

“அட! இதுதான் செஞ்சவன் வச்ச புள்ளி. இதை எவனோ அடைச்சிட்டு, தனியா ஒண்ணு போட்டிருக்கான். நாங்களும் பரம்பரையா அதையே பார்த்துக் கோர்த்துக்கிட்டு இருக்கோம்!” அவன் தலையில் அடித்துக்கொண்டான். “கோளாறே இல்லைக்கா. வேணும்னே செஞ்சது.”

ஊரில் ஒன்றரை மணி வித்தியாசம் ஒரே ஒரு காலத்தில்தான் இருந்தது. வெளியே நான்கு பக்கமும் புதியவர்கள் நேரத்தை ஓட்டிக்கொண்டு, தாத்தா உள்ளே பழைய நேரத்தை வைத்திருக்கிறார். பழையவர்கள் திரும்பி வந்து வெளி முட்களைப் பின்னுக்கு இழுத்தபோது உள்முட்களும் கூடவே பின்னுக்குப் போய்விட்டன. இடைவெளி அப்படியே தங்கிவிட்டது.

“யாராவது அதிகாரி பார்த்திருந்தா?” என்றாள்.

“தலை போயிருக்கும். ஆனா இந்தப் படியேறி எந்த அதிகாரிக்கா வருவான்? இன்னிக்கும் வர மாட்டான்.”

வீட்டில் அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் சொல்லச் சொல்ல, கையிலிருந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். கடைசியில் மடியிலேயே விட்டுவிட்டாள்.

“நம்ம வீட்டுக் கடிகாரம் கெட்டுப்போனது இல்லைடி.”

“என்னம்மா?”

“ஒருநாள் தெருவுல ஒரு சிப்பாய் என்கிட்ட மணி கேட்டான். நான் கடிகாரம் பார்த்துச் சொல்ல வீட்டுக்குள்ள ஓடப் போனேன். அப்பா கையைப் பிடிச்சு நிறுத்தி, ‘யாரு கேட்டாலும் கோபுரத்தைப் பார்த்துச் சொல்லணும், வீட்டு மணியைச் சொல்லக்கூடாது’ன்னார். கெட்டுப்போன கடிகாரத்துக்கு வெட்கப்படறார்னு நினைச்சேன். கோபுரக் கடிகாரம் விளக்கு வைக்கிற நேரம் காட்டறப்ப எங்க வீட்டுக் கடிகாரத்துல இன்னும் சாயங்காலமே ஆகியிருக்காது. இன்னும் நேரமிருக்கு, போய் விளையாடுங்கன்னு சொல்லுவார். அந்த ஒன்றரை மணி நேரம் எங்களுக்குத் தனியா கிடைச்ச மாதிரி இருக்கும்.”

சின்ன மாமாவுக்குப் போன் போட்டார்கள். அவர் குரல் இறங்கிவிட்டது. “அப்போ கடைசியில வெள்ளைக்காரன் பக்கம்தானா?”

“வெளியில திருப்பினதும் அதே கைதான்டா.”

“அப்போ பிடிச்சுக்கிட்டுப் போனப்ப இதைச் சொல்லியிருக்கலாமே! விட்டிருப்பாங்களே.”

அம்மா யோசித்துத்தான் பதில் சொன்னாள். “பழையவங்க உப்பைத் தின்னதுக்கு உள்ளே ஒண்ணு வச்சார். புதுசா வந்தவங்க நமக்குச் சோறு போட்டதுக்கு வெளியே ஒண்ணு வச்சார். ஒண்ணைச் சொல்லித் தப்பிச்சிருந்தா இன்னொண்ணு பொய்னு ஆயிடும். அந்த அரிசியிலதான்டா நீ நடக்கவே ஆரம்பிச்சே.”

பிறகு மாமா, “படத்துல கண்ணாடி உடைஞ்சிருந்ததே, மாத்தணும்” என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது படம் மாட்டப்பட்டது. கீழே பெயரும் பணியாற்றிய ஆண்டுகளும் மட்டும் எழுதப்பட்டன. உள் கடிகாரத்தைச் சரி செய்துவிடவா என்று காப்பாளன் கேட்டான். வேண்டாம் என்றாள் அம்மா. அது இப்போதும் ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது.